கூம்பு வளைவுகள்: சமன்பாட்டைப் பார்த்துப் படம் வரைவது எப்படி?

பிளஸ் டூ கணக்கில் கூம்பு வளைவுப் பாடத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அட்டவணைகள்தான். பரவளையம் நான்கு வகை, நீள்வட்டம் இரண்டு, அதிபரவளையம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் முனை, குவியம், இயக்குவரை, செவ்வகலம் என்று வரிசை வரிசையாகச் சூத்திரங்கள். இதை அப்படியே மனப்பாடம் செய்தவர்கள்தான் பரீட்சையில் அதிகம் தடுமாறுகிறார்கள். மையம் ஆதிப்புள்ளியை விட்டு நகர்ந்ததும் அட்டவணை கைகொடுக்காது. உண்மையில் செய்ய வேண்டியவை மூன்றே: மையம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், முதன்மை அச்சு படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், மையத்திலிருந்து நீளங்களை அளந்து புள்ளி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த மூன்றிலிருந்தே வந்துவிடும்.

முதலில் ஒரு தாளை மடியுங்கள்

சமன்பாட்டுக்குப் போகும் முன் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு டிரேசிங் பேப்பர் எடுத்து, கீழ் ஓரத்துக்கு இணையாக ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின் நடுவிலிருந்து 4 செ.மீ. மேலே ஒரு புள்ளி. இப்போது கோட்டின் ஏதாவது ஓர் இடம் அந்தப் புள்ளியின் மேல் சரியாக உட்காரும்படி தாளை மடித்து, நகத்தால் அழுத்தி மடிப்புக்கோடு விழச் செய்யுங்கள். பிரித்துவிட்டு, கோட்டில் 1 செ.மீ. தள்ளி அடுத்த இடத்தைப் புள்ளியின் மேல் கொண்டுவந்து மடியுங்கள். தாளின் இரு ஓரம் வரை இப்படியே போனால், மடிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு வளைவை உரசிக்கொண்டு நிற்பது தெரியும். அதுதான் பரவளையம். புள்ளி குவியம், கோடு இயக்குவரை, இரண்டுக்கும் நடுவே 2 செ.மீ. உயரத்தில் இருப்பது முனை.

ஏன் இப்படி வருகிறது? ஒவ்வொரு மடிப்பும், குவியத்துக்கும் கோட்டில் நீங்கள் எடுத்த இடத்துக்கும் நடுவே விழும் மையக்குத்துக்கோடு. அதன் மேல் இருக்கும் எந்தப் புள்ளியும் அந்த இரண்டுக்கும் சம தூரத்தில் இருக்கும். அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் கோட்டில் எடுத்த இடத்துக்கு நேர் மேலே நிற்கும். அந்தப் புள்ளிக்குக் குவியமும் இயக்குவரையும் ஒரே தூரம். ஆகவே அது பரவளையத்தில் இருக்கிறது, மடிப்பு அங்கே தொடுகோடு ஆகிறது. சாதாரண வெள்ளைத் தாளில் செய்தால் புள்ளி மறுபக்கம் தெரியாமல் மடிப்பு மில்லிமீட்டர் கணக்கில் தப்பும், வளைவு கலங்கிவிடும். நடுவில் மட்டும் நாலைந்து மடிப்பு போட்டு நிறுத்தினாலும் பயனில்லை, கைகள் விரியும் பகுதி ஓர மடிப்புகளால்தான் உருவாகிறது.

அடுத்து, நேர்கோட்டுக்குப் பதில் வட்டம். 8 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி உள்ளே ஒரு புள்ளி வையுங்கள். வட்டத்தின் விளிம்பைப் புள்ளியின் மேல் கொண்டுவந்து சுற்றிலும் மடித்தால் நீள்வட்டம் கிடைக்கும். வட்ட மையமும் நீங்கள் வைத்த புள்ளியும் அதன் இரு குவியங்கள்; நெட்டச்சு (நீளமான அச்சு) 8 செ.மீ., அதாவது வட்டத்தின் ஆரம். குவியங்களுக்கு இடையே உள்ள தூரத்தை நெட்டச்சு நீளத்தால் வகுத்தால் வருவது மையத்தொலைத்தகவு: e = 5/8 = 0.625. புள்ளியை வட்டத்துக்கு வெளியே வைத்தால் (4 செ.மீ. ஆரம், மையத்திலிருந்து 5 செ.மீ. தூரம் என்றால் A4 தாளில் வசதியாக அடங்கும்) அதிபரவளையத்தின் இரு கிளைகளும் எழும்; e = 5/4 = 1.25. புள்ளியை வட்ட மையத்திலேயே வைத்தால் e = 0, வருவது பாதி ஆரமுள்ள வட்டம். புள்ளி நகர நகர, ஒரே வேலையில் எல்லா வளைவுகளும் கிடைத்துவிடுகின்றன.

கூம்பை வெட்டுவதும் இதே செய்திதான். இருட்டறையில் டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வட்டம், சாய்த்தால் நீள்வட்டம், ஒளிக்கூம்பின் ஓர் ஓரம் சுவருக்குச் சரியாக இணையாகும் அந்த ஒரே சாய்வில் பரவளையம், அதையும் தாண்டினால் அதிபரவளையத்தின் ஒரு கிளை. அப்பலோனியஸுக்கு முந்தைய கிரேக்கக் கணிதர்கள் மூன்று வளைவுகளுக்கு மூன்று வெவ்வேறு கூம்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே கூம்பிலிருந்து, வெட்டும் சாய்வை மட்டும் மாற்றி மூன்றையும் எடுத்துக் காட்டியவர் அவர்தான்.

e எதை அளக்கிறது?

மையத்தொலைத்தகவைப் 'தட்டையாக இருக்கும் அளவு' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் சரியாகப் பிடிபடாது. பூமியின் சுற்றுப்பாதைக்கு e சுமார் 0.0167. அதை a (நெட்டச்சின் பாதி) = 10 செ.மீ. வைத்து வரைந்தால் b (குற்றச்சின், அதாவது சிறிய அச்சின், பாதி) அதைவிட வெறும் 0.014 மி.மீ.தான் குறையும், பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். ஆனால் சூரியன் இருக்கும் குவியம் மையத்திலிருந்து 1.67 மி.மீ. விலகி நிற்கும். செவ்வாய்க்கு e சுமார் 0.093; குவியம் 9 மி.மீ.க்கு மேல் விலகுகிறது, b-யோ அரை மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. 1609-இல் கெப்ளர் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று அறிவிப்பதற்கு ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். b = a√(1 − e²) என்பதில் e வர்க்கமாக வருவதால் தட்டையாவது தாமதம்; குவியம் விலகுவது c = ae என்று நேராக வருவதால் உடனே தெரியும். பாடநூல் படங்களில் பூமியின் பாதையை முட்டை போல நீட்டி வரைவது கண்ணுக்குக் காட்டுவதற்காக மட்டுமே.

சமன்பாட்டைப் பார்த்ததும்

xy உறுப்பு இல்லாத இருபடிச் சமன்பாடு என்றால் x², y² கெழுக்களை மட்டும் பாருங்கள். ஒரு வர்க்கம் மட்டும் இருந்தால் பரவளையம். இரண்டும் இருந்து கெழுக்கள் சமமானால் வட்டம். ஒரே குறி, வேறு அளவு என்றால் நீள்வட்டம். எதிரெதிர்க் குறி என்றால் அதிபரவளையம். ஆனால் இது முதல் ஊகம்தான், முடிவு அல்ல. x² + y² − 4x + 6y + 13 = 0 வட்டம் போலத்தான் இருக்கிறது; வர்க்கப் பூர்த்தி செய்தால், அதாவது x, y உறுப்புகளை முழு வர்க்கங்களாக மாற்றினால், (x − 2)² + (y + 3)² = 0, வெறும் ஒரு புள்ளி. 13-ஐ 14 ஆக்கினால் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதிபரவளையத்தில் வலப்பக்கம் பூச்சியம் வந்தால் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள். ஆகவே வர்க்கப் பூர்த்தி முடியும்வரை பெயர் வைக்காதீர்கள்.

4x² + 9y² − 16x + 54y + 61 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம்.

x உறுப்புகளை ஒன்றாகவும் y உறுப்புகளை ஒன்றாகவும் சேர்த்து, மாறிலியை வலப்பக்கம் தள்ளி, வர்க்கக் கெழுக்களை வெளியே எடுங்கள்:

4(x² − 4x) + 9(y² + 6y) = −61

x-இன் கெழு −4, பாதி −2, வர்க்கம் 4. y-இன் கெழு 6, பாதி 3, வர்க்கம் 9. இவற்றை அடைப்புக்குள் சேர்க்க வேண்டும். மதிப்பெண் அதிகமாகப் போகும் இடம் இதுதான். அடைப்புக்குள் 4-ஐச் சேர்த்தால் இடப்பக்கம் உண்மையில் கூடியது 4 × 4 = 16. அடைப்புக்குள் 9-ஐச் சேர்த்தால் கூடியது 9 × 9 = 81. வலப்பக்கமும் 16, 81 தான் சேர வேண்டும். 4, 9 அல்ல.

4(x − 2)² + 9(y + 3)² = −61 + 16 + 81 = 36

36-ஆல் வகுத்தால்:

(x − 2)²/9 + (y + 3)²/4 = 1

மையம் (2, −3). அடைப்புக்குள் + 3 என்றால் மையத்தில் −3. அடைப்பைப் பூச்சியமாக்கும் மதிப்பு எதுவோ அதுதான் மையம் என்று நினைத்துக்கொண்டால் குறி தப்பாது. பெரிய பகுதி 9, அது x-க்குக் கீழே இருக்கிறது, நெட்டச்சு படுத்திருக்கிறது. a = 3, b = 2. மையத்தில் பென்சிலை வைத்து வலமும் இடமும் 3 போங்கள்: (5, −3), (−1, −3). மேலும் கீழும் 2 போங்கள்: (2, −1), (2, −5). c² = 9 − 4 = 5, c ≈ 2.24; நெட்டச்சின் மேல் குவியங்கள் (4.24, −3), (−0.24, −3). குவியத்தில் மேலும் கீழும் b²/a = 4/3 ≈ 1.33 போனால் செவ்வகலத்தின் (குவியம் வழியாக நெட்டச்சுக்குச் செங்குத்தாகப் போகும் நாணின்) முனைகள். மொத்தம் எட்டுப் புள்ளிகள். கை நடுங்காமல் வளைவு போட இது தாராளம்.

எழுதியது சரியா என்று பார்க்க, (5, −3)-ஐ முதல் சமன்பாட்டில் போடுங்கள்: 100 + 81 − 80 − 162 + 61 = 0. பத்து நொடி வேலை. மாற்றிய வடிவத்தில் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, தவறு நடந்திருந்தால் அது மாற்றும்போதுதான் நடந்திருக்கும்.

நீள்வட்டத்தில் c² = a² − b², அதிபரவளையத்தில் c² = a² + b². இதை எந்தக் குழப்பமும் இல்லாமல் நினைவில் வைக்கப் படத்தைப் பாருங்கள். நீள்வட்டத்தில் எந்தப் புள்ளியிலிருந்தும் இரு குவியங்களுக்குத் தூரங்களின் கூடுதல் 2a. குற்றச்சின் முனையில் இரண்டு தூரமும் சமம் என்பதால் ஒவ்வொன்றும் a. அங்கிருந்து குவியத்துக்கு வரும் கோடு கர்ணம், b-யும் c-யும் மற்ற இரு பக்கங்கள். a கர்ணம் என்றால் b² + c² = a². அதிபரவளையத்தில் குவியம் முனைக்கும் அப்பால் இருக்கிறது, c தான் பெரியது, ஆகவே கர்ணம் c.

நூலால் நீள்வட்டம் வரைவதும் இதே கணக்கு. நீளம் 20 செ.மீ., அகலம் 12 செ.மீ. வேண்டும் என்றால் a = 10, b = 6, c = 8. இரு ஆணிகளுக்கு இடையே 16 செ.மீ.; நூலின் இரு முனைகளை ஆணிகளில் கட்டினால் ஆணிக்கு ஆணி நூல் 20 செ.மீ. வளையமாக முடிந்து இரு ஆணிகளையும் சுற்றிப் போடுவதானால் 20 + 16 = 36 செ.மீ. வளையத்துக்கு 20 என்று வைத்துவிட்டு, அது ஏன் இரு ஆணிகளையும் சுற்றவே எட்டவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. இழுபடாத நூலாக எடுங்கள்.

அதிபரவளையம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

9x² − 16y² − 18x − 64y + 89 = 0

9(x² − 2x) − 16(y² + 4y) = −89

−16-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே −64y, + 4y ஆகிறது. குறியை மாற்ற மறந்து y² − 4y என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மீண்டும் பெருக்கிப் பார்த்துவிட்டே அடுத்த வரிக்குப் போங்கள். அடைப்புகளுக்குள் 1, 4 சேர்த்தால் வலப்பக்கம் சேர்வது + 9, −64:

9(x − 1)² − 16(y + 2)² = −89 + 9 − 64 = −144

இப்போது −144-ஆல் வகுத்தால்:

(y + 2)²/9 − (x − 1)²/16 = 1

முதலில் x² நேர்க்குறியோடு இருந்ததைப் பார்த்துப் 'பக்கவாட்டில் திறக்கும்' என்று முடிவு கட்டியிருந்தால் எல்லாம் தப்பாகியிருக்கும். வலப்பக்கம் 1 ஆன பிறகு எது நேர்க்குறியோ அந்தத் திசையில்தான் கிளைகள் திறக்கும். இங்கே y, மேலும் கீழும் திறக்கிறது. நேர்க்குறி உறுப்பின் பகுதியே a²; ஆக a = 3, b = 4. அதிபரவளையத்தில் a பெரியதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீள்வட்டத்துப் பழக்கத்தில் பெரிய எண்ணை a என்று வைத்தால் குறுக்கச்சே (இரு முனைகளையும் இணைக்கும் அச்சே) திரும்பிவிடும்.

வரைவதற்கு: மையம் (1, −2). x திசையில் இருபக்கமும் 4, y திசையில் இருபக்கமும் 3 அளந்து ஒரு செவ்வகம் போடுங்கள்; அது x = −3 முதல் 5 வரை, y = −5 முதல் 1 வரை இருக்கும். அதன் மூலைவிட்டங்களை இருபுறமும் நீட்டினால் அவைதான் தொலைத்தொடுகோடுகள், அதாவது வளைவின் கைகள் நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் தொடாத கோடுகள். சாய்வு a/b-யா b/a-வா என்ற கேள்விக்கே இடமில்லை, செவ்வகமே சொல்லிவிடுகிறது. சமன்பாடாக வேண்டுமானால் வலப்பக்கத்து 1-ஐப் பூச்சியமாக்குங்கள்: y + 2 = ± (3/4)(x − 1). முனைகள் (1, 1), (1, −5). செவ்வகத்தின் மையத்திலிருந்து மூலைக்குள்ள தூரம் 5, அதுவே c. குவியங்கள் (1, 3), (1, −7). குவியத்தில் இருபுறமும் b²/a = 16/3 ≈ 5.33 அளந்து புள்ளி வைத்து, முனையில் தொடங்கி அந்தப் புள்ளிகள் வழியாகத் தொலைத்தொடுகோட்டை நெருங்கிப் போங்கள்.

இரண்டு பரவளையங்களை எதிரெதிராக வைப்பதுதான் அதிபரவளையம் என்று வரைந்துவிடுவது இன்னொரு தவறு. பரவளையத்தின் கைக்குத் தொலைத்தொடுகோடு கிடையாது. அதன் திசை அச்சின் திசையை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். அதிபரவளையத்தின் கை சீக்கிரமே நேராகிவிடும். மேலே உள்ள வளைவில் மையத்திலிருந்து x திசையில் 40 அலகு போனால் தொலைத்தொடுகோடு 30 உயரத்தில், வளைவு 30.15 உயரத்தில். ஓரத்தில் உங்கள் கோடு வளைந்துகொண்டே இருந்தால் படம் தவறு.

பரவளையம்

இதில் வேலை குறைவு. y² + 6y − 8x + 25 = 0 என்றால் வர்க்கம் உள்ள மாறியை மட்டும் ஒருபக்கம் நிறுத்துங்கள்: (y + 3)² = 8x − 25 + 9 = 8(x − 2). முனை (2, −3). 4a = 8, a = 2. வர்க்கம் y-க்கு, வலப்பக்கக் கெழு நேர்; வலப்பக்கம் திறக்கிறது. குவியம் முனைக்கு 2 வலம் (4, −3), இயக்குவரை முனைக்கு 2 இடம் x = 0. குவியத்தில் மேலும் கீழும் 2a = 4: (4, 1), (4, −7). வலப்பக்கத்தில் 8-ஐ வெளியே எடுக்காமல் 8x − 16 என்றே விட்டு, முனையின் x மதிப்பு 16 என்று படித்துவிடுவார்கள். அதில் மட்டும் கவனம். இந்த a-க்கும் நீள்வட்டத்தின் a-க்கும் சம்பந்தமில்லை, இது முனைக்கும் குவியத்துக்கும் உள்ள தூரம்.

xy உறுப்பு வந்தால் அச்சுகள் சாய்ந்திருக்கின்றன என்று பொருள். xy-இன் கெழுவின் வர்க்கத்திலிருந்து x², y² கெழுக்களின் பெருக்கற்பலனின் 4 மடங்கைக் கழியுங்கள். குறை எண் என்றால் நீள்வட்டக் குடும்பம், பூச்சியம் என்றால் பரவளையம், நேர் என்றால் அதிபரவளையம். xy = 8-க்கு விடை 1; அதிபரவளையம். அச்சுகளை 45° திருப்பினால் X² − Y² = 16 ஆகிறது; குவியங்கள் பழைய அச்சுகளில் (4, 4), (−4, −4), தொலைத்தொடுகோடுகள் x, y அச்சுகளே.

வாக்கியக் கணக்குகள்

ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை. அரை நீள்வட்ட வளைவுப் பாலம், தரையில் அகலம் 16 மீ., நடு உயரம் 5 மீ.; 4 மீ. உயரத்தில் எவ்வளவு அகலம் இருக்கும்? ஆதிப்புள்ளியைச் சாலை நடுவில் வையுங்கள். a = 8 (16 அல்ல, பாதி), b = 5. y = 4 போட்டால் x = 8√(1 − 16/25) = 4.8, அகலம் 9.6 மீ. அதே பாலம் பரவளையமாக இருந்தால் ஆதிப்புள்ளியை உச்சியில் வையுங்கள். 5 மீ. கீழே பாதி அகலம் 8, ஆகவே 64 = 4a × 5; உச்சிக்கு 1 மீ. கீழே x² = 64/5 = 12.8, x ≈ 3.58, அகலம் 7.16 மீ.தான். ஒரே அகலம், ஒரே உயரம், ஆனால் லாரி போக இரண்டரை மீட்டர் வித்தியாசம். கேள்வியில் எந்த வளைவு என்று எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

பரவளையக் கிண்ணத்துக்குக் குவியம் காண: விளிம்பின் விட்டத்தை வர்க்கமாக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுங்கள். 120 செ.மீ. விட்டம், 15 செ.மீ. ஆழமுள்ள சூரிய அடுப்புக் கிண்ணம் என்றால் 14400/240 = 60 செ.மீ.; பாத்திரம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். ஆழத்தை 14 என்று தவறாக அளந்தால் விடை 64 செ.மீ.யைத் தாண்டிவிடும். விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, அதன் கீழ்ப்பக்கத்திலிருந்து நடுவுக்கு அளப்பதுதான் சரி. வீட்டுக் கூரையில் இருக்கும் டிடிஎச் டிஷ்ஷுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. பெரும்பாலும் அது முனையை நடுவில் கொண்ட கிண்ணம் அல்ல, பெரிய பரவளையப் பரப்பின் ஒரு பக்கத்துத் துண்டு. அதனால்தான் அலையைப் பிடிக்கும் கருவி டிஷ்ஷின் நடுவுக்கு நேர் எதிரே இல்லாமல் கீழே தள்ளி இருக்கிறது. ஊட்டி ரேடியோ தொலைநோக்கி மூன்றாவது வகை. 530 மீ. நீளம், 30 மீ. அகலமுள்ள பரவளைய உருளை அது. எங்கே குறுக்கே வெட்டினாலும் ஒரே பரவளையம் என்பதால் அதற்குக் குவியப் புள்ளி இல்லை, நீளம் முழுக்க ஓடும் குவியக் கோடு இருக்கிறது.

வரைந்ததைச் சரிபார்க்க ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் போதும். ஆனால் திரையில் இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் வட்டமே நீள்வட்டமாகத் தெரியும். கிராஃப் தாளிலும் அப்படியே: x-க்கு 1 செ.மீ. = 1 அலகு என்றால் y-க்கும் அதேதான்.